கடன்படாத வீடு

எங்கள் பள்ளத்தாக்கில் யார் வீட்டுக்குப் போனாலும், காப்பியோ கேக்கோ எதை நீட்டினாலும், முதல் தடவை வேண்டாம் என்றுதான் சொல்லவேண்டும். இரண்டாம் தடவையும் வேண்டாம். மூன்றாம் தடவை கேட்கும்போது, “சரி, இவ்வளவு சொல்றீங்க, ஒரே ஒரு துண்டு” என்று கையை நீட்டலாம். முதல் தடவையே வாங்குகிறவன் தீனிக்கு அலைகிற பயல். மூன்றாம் தடவையும் மறுக்கிறவன் அந்த வீட்டு உறவே வேண்டாம் என்கிறான். நார்வேயிலிருந்து கப்பலேறி வந்த பெரியவர்கள் பெட்டி படுக்கையோடு கொண்டுவந்து இறக்கிய வழக்கம் இது. விஸ்கான்சின் முழுக்க இதைச் சொல்லி எங்களைக் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

ஆர்லன் ட்வெய்ட் ஒரு படி மேலே போகிறவன். மூன்றாம் தடவை வாங்கியதையும் வைத்துக்கொள்ள மாட்டான். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கூடை தக்காளி வந்தால் மறுநாள் காலையில் அதே கூடையில் முட்டை போகும். லாரியைக் காசு கொடுத்து வாங்கினான். டிராக்டரைப் பாதி செத்த நிலையில் காசு கொடுத்து வாங்கி, மீதிப் பாதிக்குத் தானே உயிர் கொடுத்தான். வங்கியில் கடன் அட்டை தருகிறோம் என்று சொன்னபோது, பாம்பைக் கண்டவன் மாதிரி இரண்டு அடி பின்னால் போனான் என்று ஊரில் சொல்லிச் சிரிப்பார்கள்.

சிரிக்கிறவர்களுக்கு லேலண்டை மறந்துபோயிருக்கும். லேலண்ட் ஆர்லனின் அண்ணன். எண்பதுகளில், நிலத்தின் மேல் எவ்வளவு வேண்டுமானாலும் கடன் வாங்கிக்கொள் என்று வங்கிக்காரர்களே வீட்டுக்கு வந்து சொன்னார்கள். வாங்கினான். பிறகு வட்டி ஏறியது, பால் விலை இறங்கியது. நிலத்தை ஏலம் விடுகிற நாள் காலையில் லேலண்ட் மான் சுடுகிற துப்பாக்கியை எடுத்துக்கொண்டு சோளக் களஞ்சியத்துக்குள் போனான். அப்போது பள்ளிக்கூடம் முடிக்காத ஆர்லன்தான் முதலில் கதவைத் திறந்தவன். வீடும், கொட்டிலும், யாரும் ஏலம் கேட்காத அந்தச் சரிவு நிலமும் மிஞ்சின. அதை வைத்துக்கொண்டு முப்பது பசுவோடு குடும்பத்தை ஓட்டினான். யாருக்கும் ஒரு காசு கடனில்லை.

அந்த முப்பது பசுவும் இந்த ஏப்ரலில் போய்விட்டன. எதற்காகப் போயின, போனதால் என்ன ஆயிற்று என்பதுதான் கதை. கேட்கிறவர்களுக்கு வயிறு எரியும்.

*

ஜூலை மாதம். மழை வருகிறேன் வருகிறேன் என்று மிரட்டிவிட்டு வராமல் புழுங்கிக்கொண்டிருந்த நாள். ஆர்லனின் மனைவி வெர்னா சமையலறையில் பீன்ஸ் நறுக்கி, கண்ணாடி ஜாடிகளில் அடைத்து வேகவைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஊரிலுள்ள முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. அங்கே எண்பது பேருக்குச் சமைத்துவிட்டு வந்தாலும் வீட்டுத் தோட்டத்துப் பீன்ஸ் காத்திருக்காது. ஜன்னல் கண்ணாடி முழுக்க நீராவி.

மகள் சிக்னி வெளியே மேப்பிள் மரத்தடியில் போனைக் காதில் வைத்தபடி நின்றிருந்தாள். இருபத்துநான்கு வயது. நகரத்து மருத்துவக் கல்லூரியில் முதல் வருஷம் முடித்துவிட்டு விடுமுறைக்கு வந்திருந்தாள். எங்கள் பள்ளத்தாக்கிலிருந்து டாக்டருக்குப் படிக்கப் போன முதல் ஆள். கிளினிக்கை மூடி ஏழு வருஷமாகிவிட்ட எங்கள் ஊரில், முழங்கால் வலிக்காரர்கள் எல்லாம் இப்போதே அவளுக்கு வணக்கம் வைக்க ஆரம்பித்திருந்தார்கள்.

அவள் உள்ளே வந்தாள். முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது.

“அம்மா, அடுப்பை அணைச்சிட்டு உட்காரு.”

“அணைச்சா ஜாடி மூடி பிடிக்காதுடி. சொல்லு, காது கேக்குது.”

“பழைய கடன் எனக்குக் கிடையாதாம்.”

வெர்னாவின் கை நின்றது. விஷயம் அவளுக்குத் தெரியும். ஜூலையிலிருந்து சட்டம் மாறிவிட்டது. முன்பெல்லாம் மருத்துவம் படிக்கிற பிள்ளைக்குக் கல்லூரிச் செலவு எவ்வளவோ அவ்வளவையும் அரசாங்கமே கடனாகக் கொடுக்கும். இனிமேல் வருஷத்துக்கு ஐம்பதாயிரம் டாலர், அதற்கு மேல் இல்லை. சிக்னியின் கல்லூரியிலோ படிப்பும் தங்கலும் சாப்பாடும் சேர்த்துத் தொண்ணூறைத் தொட்டது. ஒரே ஒரு சலுகை வைத்திருந்தார்கள்: சட்டம் மாறுவதற்கு முன்பே அந்தப் படிப்புக்காக அரசாங்கக் கடன் வாங்கியவர்களுக்கு மட்டும் இன்னும் மூன்று வருஷத்துக்குப் பழைய முறையே செல்லும்.

“நீதான் ஜனவரியில வாங்கினியே? அந்தக் கல்லூரி ஆபீஸ் பொம்பளை சொன்னான்னு, கொஞ்சமா வாங்கி வெச்சா கதவு திறந்தே இருக்கும்னு...”

“வாங்கினேன். ஆனா திருப்பிட்டேன்ல?”

“திருப்பினா நல்லதுதானே? கடனை அடைச்சவளுக்கு மறுபடி குடுக்க மாட்டானா?”

“அடைச்சா பரவாயில்லையாம்மா. நாலு மாசத்துக்குள்ள முழுசாத் திருப்பி அனுப்பினா அது அடைச்ச கணக்கு இல்லையாம். வாங்கவே இல்லைன்னு அர்த்தமாம். என் பேர்ல ஒரு டாலர், ஒரே ஒரு டாலர் நின்னிருந்தாக்கூடப் போதுமாம். அந்தப் பொம்பளை போன்லயே அழுதுட்டா.”

வெர்னா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். ஜாடிகள் கொதிநீரில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருந்தன.

ஈஸ்டர் அன்று மேஜையில் நடந்தது அவளுக்கு நினைவு வந்தது. மறைத்து வைக்கப் பிடிக்காமல் சிக்னியே அப்பாவிடம் சொன்னாள்: கொஞ்சம் கடன் வாங்கியிருக்கிறேன், பின்னால் உதவும் என்று. ஆர்லன் பன்றித் தொடைக் கறியை மென்றுகொண்டே இருந்தான்.  இரண்டு வாரத்தில் மாட்டு லாரிகள் வந்து நின்றன. நல்ல பசுக்களை எல்லாம் சாலைக்கு அந்தப் பக்கம் ஆயிரம் மாடு கறக்கிற ராய்ஸ் கெம்ப்பர் ஏலத்தில் எடுத்தான். முதல் வருஷத்துப் பாக்கியும் வரியும் போக மிஞ்சியதற்கு ஆர்லன் ஒரு காசோலை எழுதி மகளுக்கு அனுப்பினான். “அரசாங்கத்துக் காசை மூஞ்சியில விட்டெறி. இந்த வீட்ல யாரும் யாருக்கும் கடன்பட்டதில்லை” என்றான்.

அன்று சிக்னி அம்மாவுக்குப் போன் செய்து கெஞ்சினாள். “கொஞ்சமாவது வெச்சுக்கறேன்மா. அப்பாகிட்டச் சொல்லேன்.”

வெர்னா என்ன சொன்னாள்? “மாட்டை ஏத்தி அனுப்பினதிலிருந்து மனுஷன் சோறு தண்ணி இல்லாம வெறும் கொட்டில்ல உட்கார்ந்திருக்காரு. நீ ஒரு காசு வெச்சுக்கிட்டாலும் அவருக்குத் தாங்காது. முழுசா அனுப்பிடு கண்ணு.” அப்படித்தான் சொன்னாள்.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். முப்பது பசுவை விற்று, இருந்த ஒரே கதவைத் தாங்களே அறைந்து சாத்தியிருக்கிறார்கள்.

“அப்பாகிட்டச் சொல்லாதே” என்றாள் சிக்னி. “சட்டம் மாறிடுச்சு, கடன் பத்தலைன்னு மட்டும் சொல்லு. மாட்டை வித்ததாலதான்னு தெரிஞ்சா... சோளக் களஞ்சியம் இன்னும் அங்கேதான் நிக்குது.”

“வாயைக் கழுவுடி.”

“சத்தியமா சொல்றேன். சொல்லாதே.”

“அப்ப மிச்சப் பணத்துக்கு?”

“தனியார் கடன் கம்பெனி இருக்கு. ஆனா பெரியவங்க யாராவது ஜாமீன் கையெழுத்துப் போடணும். வெள்ளிக்கிழமைக்குள்ள கல்லூரிக்குச் சொல்லலைன்னா என் இடம் போயிடும்.”

“உங்கப்பா கையெழுத்தா?” என்றாள் வெர்னா. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

*

ஆர்லன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தான். மாடு போன பிறகும் விடிவதற்கு முன்பே எழுந்துவிடுவான். எதுவும் மேயாத நிலத்துக்கு வேலி கட்டினான். புல் அறுத்துக் காயவைத்து, கட்டுக் கட்டி, பிறத்தியார் மாட்டுக்கு விற்றான். சட்டைக்குள் புல் தூசி, கழுத்தெல்லாம் சிவப்புத் தடிப்பு.

வெர்னா பாதியைச் சொன்னாள். பாதியை விழுங்கினாள். ஆர்லன் உருளைக்கிழங்கைக் குழம்பில் பிசைந்தபடி கேட்டான்.

“ஆக, அரசாங்கம் குடுக்கறேன் குடுக்கறேன்னு பிள்ளைங்களை உள்ள இழுத்துட்டு, நடு ஆத்துல கயித்தை விட்டுட்டான்.”

“ஆமாப்பா” என்றாள் சிக்னி, தட்டைப் பார்த்தபடி.

“லேலண்டுக்கும் அதேதான் பண்ணினான்.” தண்ணீரைக் குடித்தான். எழுந்து கொட்டிலுக்குப் போனான்.

தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் பாத்திரம் துலக்கினார்கள். வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. ஆர்லன் முகம் கழுவி, ஈரத் தலையைச் சீவி, சர்ச்சுக்குப் போகிற சட்டையில் நின்றான்.

“எங்க கையெழுத்துப் போடணும்?”

சிக்னி ஓடிப்போய் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எங்கள் பக்கம் பெரிய பிள்ளைகள் அப்பனைக் கட்டிப்பிடிக்கிற வழக்கமில்லை. ஆர்லன் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் பால் வாளி தூக்குகிறவன் மாதிரி இரண்டு பக்கமும் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான். “போதும் போதும், சட்டை கசங்குது” என்றான். வெர்னா ஈரத் துணியால் முகத்தை மூடிக்கொண்டாள். நாற்பது வருஷச் சபதம். அதை மகளுக்காக உடைக்கிறான். அந்த ஒரு மத்தியானம் மட்டும் அந்த வீட்டில் எல்லோரும் நல்லவர்களாக இருந்தார்கள்.

*

அன்றே மூவரும் வங்கிக்குப் போனார்கள். கடன் பிரிவில் உட்கார்ந்திருந்தவள் டானெல். சின்ன வயதில் ஊர்க் கண்காட்சியில் சிக்னியோடு கன்றுக்குட்டி ஓட்டிக் காட்டியவள். நகரத்துக் கடன் கம்பெனிக்கு இங்கிருந்தே விண்ணப்பம் அனுப்பலாம் என்றாள். ஆர்லன் பெயர், பிறந்த தேதி எல்லாம் தட்டினாள். காத்திருந்தாள். மறுபடி தட்டினாள்.

“ஆர்லன் மாமா, உங்களுக்கு வேற பேர் எதுவும் உண்டா?”

“ஞானஸ்நானம் பண்ணினப்ப வெச்ச பேரு அதுதான்.”

“இல்ல... உங்க பேர்ல ஒண்ணுமே வரலை.”

“வராதே. நான்தான் ஒருத்தருக்கும் ஒரு காசு பாக்கி வைக்கலையே” என்றான் ஆர்லன். குரலில் கொஞ்சம் பெருமை கூட இருந்தது. பாவி மனுஷன், இன்னும் புரியவில்லை.

டானெலுக்கு முகம் சிவந்தது. “அதான் மாமா பிரச்சனை. கடன் வாங்கித் திருப்பினவங்களுக்குத்தான் கம்ப்யூட்டர் மார்க் போடும். நீங்க வாங்கவே இல்லை. அதனால அதுக்கு உங்களை யாருன்னே தெரியலை. வெர்னா அத்தை பேரும் அப்படித்தான். இப்ப மாட்டு வருமானமும் இல்லை. கம்பெனி வேணாம்னு சொல்லிடுச்சு.”

“இரு இரு. வாங்கித் திருப்பாம ஓடினவனுக்கும் இதையேதான் சொல்லுவியா?”

“அவங்களுக்குக் கொஞ்சமாவது மார்க் வரும் மாமா.”

“ஓடினவனுக்கு?”

“ஆமா.”

ஆர்லன் திரும்பி வெர்னாவைப் பார்த்தான். கன்று செத்துப் பிறந்தபோதும், ஏலத்தின்போதும் பார்த்திராத முகமாக இருந்தது அது. “நாற்பது வருஷம்” என்றான். 

இந்த நேரம் பார்த்தா ராய்ஸ் கெம்ப்பர் உள்ளே வரவேண்டும்? வந்தான். பெரிய வயிறு, நல்ல தொப்பி, எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வாய். உச்சி முதல் உள்ளங்கால் வரை கடன். மாடு கடன், கொட்டில் கடன், நிலம் கடன். அதனால் வங்கியில் அவன் பெயருக்குத் தங்கத்தின் மதிப்பு.

“என்னய்யா ஆர்லன், சாவு வீட்டுக்கு வந்த மாதிரி மூணு பேரும்? யாரு செத்தா?” என்றான். டானெல் மழுப்பினாள். ஆனால் சிக்னி சொல்லிவிட்டாள். அவளுக்கு வெள்ளிக்கிழமைதான் கண்ணுக்குத் தெரிந்தது.

ராய்ஸ் கேட்டுவிட்டுச் சிரித்தான். கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது. “அட, இவ்வளவுதானா? நான் போடறேன் கையெழுத்து. ஒரு பேனா மை. எனக்கும் ஒரு உபகாரம் பண்ணு. கறவைக்கு இருந்த ரெண்டு ஆளும் சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டானுங்க. ரெண்டு வருஷம் காலைக் கறவைக்கு வா. சம்பளமும் குடுக்கறேன். உன் மாடுங்களைத்தான் கறக்கப்போறே, பழக்கம்தானே?”

“வேணாம் ராய்ஸ். உனக்கு எதுக்குச் சிரமம்” என்றான் ஆர்லன்.

“சிரமம் என்னய்யா? பொண்ணு டாக்டராகறா. சும்மா வா.”

“வேணாம். நாங்க எப்படியாவது பார்த்துக்கறோம்.”

வெர்னா எண்ணிக்கொண்டிருந்தாள். இரண்டு ஆயிற்று. கேள், இன்னொரு தடவை கேள், என்று மனசுக்குள் ராய்ஸைக் கும்பிட்டாள். ஆர்லனின் தலை சற்றே குனிந்திருந்தது. மூன்றாம் தடவைக்குக் கழுத்தை ஆயத்தம் செய்துகொண்டு நின்றான்.

ராய்ஸின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். “சரிய்யா, உன் இஷ்டம்” என்றான். போனில் தீவன லாரிக்காரனைத் திட்டிக்கொண்டே மேனேஜர் அறைக்குள் போய்விட்டான். அவன் ஜெர்மன்காரர்கள் வழி வந்தவன். அவர்கள் வீட்டில் ஒரு தடவை கேட்பார்கள், வேண்டாமென்றால் தட்டை எடுத்துவிடுவார்கள். இரண்டு தடவை கேட்டதே அவன் பெருந்தன்மை.

*

அன்று சாயங்காலம் மேஜையில் வேகவைத்த சோளக்கதிர், வெண்ணெய், வினிகரில் போட்ட வெள்ளரிக்காய். ஊரே ஏங்கிக் காத்திருக்கிற முதல் கதிர். யாரும் ருசி பார்த்துத் தின்னவில்லை.

“நீங்க ராய்ஸ் வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை கேட்கலாம்ல அப்பா?” என்றாள் சிக்னி.

“என் மாட்டை ஏலத்துல எடுத்தவன் வாசல்ல போய் நிக்கச் சொல்றியா?”

“நின்னா என்ன? உங்க கௌரவம் பெருசா, என் படிப்பு பெருசா?”

வெர்னா மேஜைக்கடியில் மகள் காலை மிதித்தாள். பிரயோசனமில்லை. வங்கியிலிருந்து அடக்கிவைத்த அவமானம் ஆர்லனுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. கம்ப்யூட்டரைத் திட்ட முடியாது. சட்டத்தைத் திட்ட முடியாது. எதிரில் உட்கார்ந்திருந்தவள் மகள்தான்.

“நர்ஸுக்குப் படின்னு சொன்னேன். கேட்டியா? டாக்டர்! எங்க குடும்பத்துல எவனுக்கு இருந்துச்சு இந்தப் பேராசை? எங்கிட்டச் சொல்லாம அரசாங்கக் காசைத் தொட்டே பாரு, அன்னைக்குப் பிடிச்ச சனி. அதை அடைக்கத்தானே என் கொட்டில் காலியாச்சு? முப்பது பசுவைத் தின்னே. முப்பது! இன்னும் பசி அடங்கலையா உனக்கு? இப்ப என்னையும் தின்னணுமா?”

சோளக்கதிரைக் கடிக்கப் போன சிக்னி அதைத் தட்டில் வைத்தாள். அவளிடம் பதில் இருந்தது. ஒரு வரியில் சொன்னால் போதும், அப்பன் அந்த நாற்காலியிலேயே உடைந்து விழுந்திருப்பான். அவள் சொல்லவில்லை. அம்மாவை ஒரு தடவை பார்த்தாள். கையைத் துடைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

அந்தப் பார்வையை வெர்னாவால் தாங்க முடியவில்லை. முப்பது வருஷமாகப் புருஷன் எதிரில் குரல் உயர்த்தாதவள், சோளத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னாள்:

“அவ எதையும் தின்னலை ஆர்லன். நீதான் தின்னே. நானும் நீயும் சேர்ந்து அவளைத் தின்னோம்.”

“என்ன உளர்றே?”

“அவ வாங்கின அந்தக் கடன் அப்படியே இருந்திருந்தா, இன்னைக்கு யார் கையெழுத்தும் வேணாம். பழையபடி எல்லாப் பணமும் அரசாங்கமே குடுத்திருப்பான். நீ மாட்டை வித்துத் திருப்பின பாரு, அதனாலதான் அவ பேரு விட்டுப்போச்சு. ஒரு டாலர் மிச்சம் வெச்சிருந்தாக்கூடப் போதுமாம். அவ வெச்சுக்கறேன்னுதான் கெஞ்சினா. நான்தான் உன் மூஞ்சியைப் பார்த்து, எல்லாத்தையும் அனுப்புடின்னு சொன்னேன்.”

ஆர்லன் வெண்ணெய்க் கத்தியை எடுத்துத் தட்டுக்கு நேராக வைத்தான். மறுபடி எடுத்து மறுபடி வைத்தான்.

“அவளுக்கு எப்பத் தெரியும்?”

“காலையில போன் வந்தப்பவே.”

“ஏன் சொல்லலை?”

“நீ தாங்க மாட்டேன்னு. சொல்லாதேன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கினா.”

“நான் பேசினதை எல்லாம் கேட்டுக்கிட்டு...” என்றான்.  எழுந்து தன் தட்டைத் தானே கழுவி வைத்தான். கல்யாணமான நாளிலிருந்து அவன் செய்யாத காரியம்.

*

மறுநாள் விடிகாலையில் மழை பிடித்துக்கொண்டது. வெர்னா எழுந்தபோது கொட்டில் பூட்ஸ் வாசலில் இல்லை.  செருப்புக்கூடப் போடாமல் சேற்றில் ஓடிச் சோளக் களஞ்சியத்துக் கதவைத் தள்ளினாள். உள்ளே பழைய டயர்களும் எலி வாசனையும்தான். துப்பாக்கியும் அதன் இடத்தில் இருந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்று மழையிலேயே அழுதாள்.

திரும்பி வந்து, கை வேலை கேட்டதால், காப்பிக் கேக்குக்கு மாவு பிசைந்தாள். சிக்னி இறங்கி வந்தாள். தூங்கின கண்ணாக இல்லை. கல்லூரி ஆபீஸ் திறக்கிற நேரம் வந்ததும் போனை எடுத்தாள். வெர்னா கூடத்தில் நின்று கேட்டாள். மகள் நிதானமாகப் பேசினாள். பெயரைச் சொன்னாள், எழுத்துக் கூட்டிச் சொன்னாள். “ஆமா, என் இடத்தை விட்டுடறேன். இல்லை, ஒரு வருஷம் தள்ளிப்போட வேணாம். ஆமா, யோசிச்சிட்டேன்.”

“ஏண்டி, வெள்ளி வரைக்கும் இருக்கே!”

“எனக்கு முடிஞ்சிடுச்சும்மா.”

அப்போது பின்வாசல் கதவு திறந்தது. ஆர்லன். தலை முதல் கால் வரை ஈரம், முழங்கால் வரை சாணி. ஏப்ரலுக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் மாட்டு வாசனை வந்தது. முகத்தில் வெட்கமும் ஏதோ ஒரு மகிழ்ச்சியும் கலந்து கிடந்தது.

“கறந்துட்டு வரேன்” என்றான். “ராய்ஸ் வெள்ளிக்கிழமை வங்கிக்கு வந்து கையெழுத்துப் போடறான். நானே போய்க் கேட்டேன். நேத்து ரெண்டு வருஷம், காலைக் கறவை மட்டும்னான். இன்னைக்கு மூணு வருஷம், ரெண்டு வேளையும்னான். கேட்டு வந்தவனுக்கு விலை ஏறத்தானே செய்யும்? கை குடுத்துட்டேன். மாடுங்களுக்குக் காதுல நம்பர்தான், பேரு கிடையாது. ஆனா நான் குரல் குடுத்ததும் நம்ம ரோஸ்மேரி வரிசையை விட்டு வெளியே வந்துட்டா. அங்க வேலை செய்யற பசங்க சிரிக்கறாங்க.” மகளைப் பார்த்தான். “உங்கம்மா எல்லாத்தையும் சொல்லிட்டா. நான் நேத்துப் பேசினது... சரி. நீ கிளம்பறதுக்கு ஆகறதைப் பாரு.”

“நான் இடத்தை விட்டுட்டேன்பா. இப்பத்தான் போன் பண்ணினேன்.”

“அப்ப மறுபடி பண்ணு. இப்பத்தானே? அந்தப் பொம்பளை இன்னும் காகிதத்தை எடுத்திருக்க மாட்டா.”

“எடுத்திருக்க மாட்டா. ஆனா வேணாம்.”

“கிறுக்கு மாதிரி பேசாதே. பணம் வந்துடுச்சு. போனை எடு.”

“வேணாம்பா.”

ஆர்லன் சிரிக்க முயன்றான். இரண்டு தடவை ஆயிற்று. தன் பெண்தானே, வளர்த்த வளர்ப்பு அப்படி, என்று நினைத்திருப்பான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். சர்ச்சில் தவிர அவன் தொப்பி கழற்றிப் பேசி யாரும் பார்த்ததில்லை.

“சிக்னி, கண்ணு. அப்பா கேட்கறேன். வாங்கிக்கம்மா.”

கூரையில் மழை விழுகிற சத்தம் கேட்டது. வெர்னா மாவுக் கையோடு நின்றாள்.

“வேணாம்” என்றாள் சிக்னி. “முப்பது பசுவைத் தின்னதுக்கே நேத்துக் கணக்குச் சொல்லிட்டீங்க. மூணு வருஷம் நீங்க அவன்கிட்டக் கறக்கறதையும் தின்னா, சாகற வரைக்கும் அந்தக் கணக்கைக் கேட்கணும். இந்த வீட்ல யாரும் யாருக்கும் கடன்பட்டதில்லைன்னு நீங்கதானே சொன்னீங்க? நான் உங்க பொண்ணு. உங்களுக்கும் கடன்பட மாட்டேன்.”

அவள் குரலை உயர்த்தவே இல்லை. மாடிக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது.

ஆர்லன் மேஜையருகே உட்கார்ந்தான். பூட்ஸிலிருந்து சாணித் தண்ணீர் தரையில் ஓடியது. வெர்னா அதைத் துடைக்கவில்லை.

“நான் ராய்ஸுக்குப் போன் பண்றேன்” என்றாள். “கையெழுத்தே வேணாம்னா, நீ எதுக்குப் போய்க் கறக்கணும்? சொன்னாப் புரிஞ்சுக்குவான்.”

“கை குடுத்தாச்சு வெர்னா.”

“எழுதியா குடுத்தே?”

“கை குடுத்தாச்சுன்னு சொல்றேன்ல.”

 எங்கள் பக்கம் கை கொடுத்தால் கொடுத்ததுதான். வெர்னா அடுப்பிலிருந்து கேக்கை எடுத்து வெட்டினாள். ஒரு துண்டைத் தட்டில் வைத்து அவன் பக்கம் நகர்த்தினாள். “சாப்பிடறியா?” என்று கேட்டாள்.

ஆர்லன் முதல் தடவையிலேயே வாங்கிக்கொண்டான். தின்று முடித்துவிட்டு, சாயங்காலக் கறவை எத்தனை மணிக்கு என்று ராய்ஸிடம் கேட்க மறந்துவிட்டேன் என்றான்.